பனிக்கரடி வேண்டாம், தேவாலா மழை போதும்: பந்தலூர் பக்கத்துக் கேள்வி பதில்

காலநிலை மாற்றத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது, அவர்களைக் கொண்டே என்ன செய்வது என்று கேளுங்கள் என்றேன், நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். நீலகிரியில் இந்தப் பந்தலூர் பக்கத்துப் பள்ளிகளில் 20 வருடமாக அறிவியல் எடுக்கிறேன், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

எருமாடு, ஆசிரியை: உருகும் பனி, பனிக்கரடி என்று நடத்தினால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள் சார். எங்கே தொடங்குவது?

டீச்சர், பனிக்கரடியை விடுங்கள், நம் மழையில் தொடங்குங்கள். பக்கம் நேராக இருக்கிற ஒரு பாட்டிலின் தலையை அறுத்து, அதையே கவிழ்த்துப் புனலாகச் செருகுங்கள். அடிப்பாகம் மேடு பள்ளமாக இருக்கும், அதனால் கொஞ்சம் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் ஒரு கோடு; அதுதான் பூஜ்யம். அங்கிருந்து ஸ்கேலை ஒட்டி, மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வையுங்கள். தினமும் காலை 8.30க்கு ஒரு பிள்ளை அளந்து எழுதட்டும், வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் எடுக்கிறது. 1 மி.மீ. என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர். ஒரே நாளில் 205 மி.மீ. கொட்டினால் 50 சதுர மீட்டர் வகுப்பறைக் கூரையில் மட்டும் 10,000 லிட்டருக்கு மேல்! இந்தக் கணக்கைப் போட்ட பிறகு, காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும், அதனால் கொட்டும்போது இன்னும் பலமாகக் கொட்டும் என்று சொல்லிப் பாருங்கள், ஒருத்தரும் கொட்டாவி விட மாட்டார்கள்.

தேவாலா: ஒரு வருடம் மழை குறைந்தால் எல்லாம் பொய் என்று ஆகிவிடாதா?

ஆகாது. ஒரு வருடத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, காலநிலைக்கு 30 வருடச் சராசரி பார்ப்பார்கள். பழைய எஸ்டேட் ஆபீஸ்களில் மழைக்கணக்கு நோட்டு இருக்கும், கேட்டு வாங்கிப் பிள்ளைகளைப் படிக்க விடுங்கள்.

சேரம்பாடி, எஸ்டேட் தொழிலாளி: வயநாடு முண்டக்கை நிலச்சரிவுச் செய்தி பார்த்ததிலிருந்து மழை வலுத்தால் என் 10 வயது மகள் தூங்குவதில்லை. இதையெல்லாம் அவளிடம் பேசலாமா?

பேசுங்கள் அண்ணா, கட்டாயம் பேசுங்கள். 2024 ஜூலை 30 விடியற்காலையில் மேப்பாடிப் பக்கம் நடந்தது நமக்கு வேறு ஊர்க் கதை இல்லை, 2020இல் மூணாறு பக்கம் பெட்டிமுடி நிலச்சரிவில் 70 பேர் போனார்களே, அவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். நிலச்சரிவை மலையாளப் பிள்ளைகள் உருள்பொட்டல் என்று சொல்வதை இவளும் வகுப்பில் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். நாம் பேசாமல் இருந்தால் அவள் தனியாகப் பயப்படுவாள், அவ்வளவுதான். பகலில், வெயிலடிக்கும்போது, லயன் வீட்டு வரிசையைச் சுற்றி அவளோடு நடந்து நிலச்சரிவின் அறிகுறிகளைப் பாருங்கள்: மண்ணில் புது விரிசல் இருக்கிறதா, மரம் சாய்ந்திருக்கிறதா, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குகிறதா. எந்த மேட்டில், யார் வீட்டில் போய் நிற்பது என்று முடிவு செய்து ஒரு பையும் டார்ச்சும் அவள் கையாலேயே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கல்பற்றாவில் இருக்கும் ஹியூம் சூழலியல் ஆய்வு மையம் வயநாடு முழுக்க ஊர்க்காரர்கள் அளந்து தரும் மழைக் கணக்கைச் சேர்க்கிறது, முண்டக்கைக்கு முந்தைய நாளே மாவட்ட நிர்வாகத்தை எச்சரித்ததும் அவர்கள்தான். இதையும் அவளுக்குச் சொல்லுங்கள். என் வகுப்பில் மழைக்குப் பயந்த ஒரு பையன், அளக்கும் பொறுப்பை அவனிடம் கொடுத்த பிறகு காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றான்.

சேரங்கோடு, பிளஸ் டூ மாணவி: போஸ்டர், பேரணி, மரம் நடுவது, இதற்குத்தான் எங்களைக் கூப்பிடுகிறார்கள். வேறு என்ன செய்யலாம் சார்?

கோபம் நியாயமானதும்மா. நட்ட மரத்துக்கு இரண்டு கோடை தண்ணீர் ஊற்றாவிட்டால் அது நட்டதாகவே கணக்கு இல்லை. கோட்டயம் பக்கம் மீனச்சிலாற்றங்கரையில் பள்ளிப் பிள்ளைகளே மழையும் ஆற்று மட்டமும் அளந்து ஊரோடு பகிர்கிறார்கள், நீங்களும் பத்து பேர் சேர்ந்தால் முடியும். அப்புறம் கிராம சபை. வருடத்தில் ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உனக்கு இன்னும் ஓட்டு இல்லை, சரி, அம்மாவுக்கு இருக்கிறதே. எந்த ஓடை அடைத்திருக்கிறது, எத்தனை மி.மீ. மழைக்கு எந்தப் பாதையில் தண்ணீர் ஏறியது என்று தேதி போட்ட நோட்டை அம்மா கையில் கொடுத்து, நீயும் கூடப் போ. பேசியதைத் தீர்மானமாக எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு வா.