காணிக்காரர் கலைப்பாரா?

தம்பி, ஞாயிற்றுக்கிழமையானால் நோர்வேக்காரர் முதுகுப்பையோடு காட்டுக்குள் போகிறார்களே, அந்தக் காணி யாருடையது, நாங்கள் பிள்ளைகளோடு போனால் காணிக்காரர் கலைக்க மாட்டாரா என்று கேட்டிருக்கிறீர்கள். கலைக்க மாட்டார், அவருக்கு அந்த உரிமையும் இல்லை. ஒஸ்லோவுக்கு வடக்கே இருக்கிற நூர்மார்க்கா காட்டில் பெரும் பகுதி லோவன்ஷோல்ட் என்ற குடும்பத்தின் சொத்து. அதற்குள்தான் ஒஸ்லோ முழுவதும் கோடையில் நடக்கிறது, பனிக்காலத்தில் சறுக்குகிறது.

ஊரில் காணி என்றால் வேலி. அடுத்த வளவுக்குள் போவதென்றால் படலையில் நின்று கூப்பிட வேண்டும். இங்கே 1957ஆம் ஆண்டின் சட்டம், ஒரு நிலம் எதற்குப் பாவிக்கப்படுகிறது என்பதைத்தான் பார்க்கிறது. வீட்டு வளவு, முற்றம், பயிர்நிலம், புல் வெட்டும் நிலம், பண்படுத்திய மேய்ச்சல் தரை எல்லாம் இன்மார்க். மிச்சமான காடு, மலை, சதுப்பு எல்லாம் உட்மார்க். உட்மார்க்கில் வருடம் முழுவதும் யாரையும் கேட்காமல் நடக்கலாம். பயிர்நிலத்துக்குள் கோடையில் இறங்கக் கூடாது. ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் கடைசி வரை, நிலம் உறைந்தோ பனி மூடியோ இருந்தால், குறுக்கே நடந்து கடக்கலாம். அப்போதும் வீட்டு வளவுக்குள் போக முடியாது.

கடற்கரையில்தான் சிக்கல். கோடை வீட்டுக்காரர் சிலர் பாறையில் 'பிரிவாட்' (தனியார் இடம்) என்று பலகை நட்டு வைப்பார்கள். பலகை நட்டதால் மட்டும் உட்மார்க் மூடப்படாது. அப்படித் தடை போட கொம்யூனின், அதாவது உள்ளூராட்சி சபையின், சம்மதம் வேண்டும். சந்தேகமான பலகையைப் படம் எடுத்து கொம்யூனுக்கு அனுப்பலாம். ஆனால் அங்கே நின்று வாக்குவாதப்படாதீர்கள். அவருடைய வரண்டாவுக்கு முன்னால் துவாயை விரித்துப் படுப்பதற்கும் சட்டம் துணை நிற்காது. குளிப்பதென்றாலும் ஆட்கள் இருக்கும் வீட்டிலிருந்து நியாயமான தூரம் விட வேண்டும்.

கூடாரம் அடிப்பதற்கு அளவு சொல்லியிருக்கிறது: ஆள் இருக்கும் வீட்டிலிருந்தோ குடிலிலிருந்தோ குறைந்தது 150 மீற்றர் தள்ளி. ஒரே இடத்தில் இரண்டு நாளுக்கு மேல் என்றால் காணிக்காரரைக் கேட்க வேண்டும். உயர்ந்த மலைகளிலும் குடியிருப்புக்கு வெகு தூரத்திலும் அந்த இரண்டு நாள் எல்லை இல்லை.

நெருப்பில்தான் எங்கள் ஆட்கள் கவனமாக இருக்க வேண்டும். காட்டுக்குள் கோழி சுடுவது என்றால் எங்களுக்குக் கொண்டாட்டம்தானே! ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை காட்டிலும் காட்டை அண்டியும் தீ மூட்டத் தடை. தீ பரவ வழியே இல்லாத இடம் என்றால் விலக்கு உண்டு, ஆனால் காய்ந்த ஜூன் மாதத்தில் அப்படி நினைத்து மூட்டி ஆபத்தில் மாட்டாதீர்கள். சோற்றுப் பார்சலைக் கட்டிக்கொண்டு போங்கள்.

பழம் பிடுங்கலாம், காளானும் எடுக்கலாம். புளூபார் என்ற சிறிய நீலப் பழம் ஓகஸ்டில் நிறையவே கிடைக்கும். வடக்கே நூர்லான்ட், துரூம்ஸ் பக்கம் முல்த்த என்ற மஞ்சள் பழம் விளையும் நிலத்தில் மட்டும், காணிக்காரர் பிடுங்கத் தடை போடலாம். அந்த இடத்திலேயே தின்பதைத் தடுக்க முடியாது. காளானை அடையாளம் தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைக்காதீர்கள். இலையுதிர் கால ஞாயிறுகளில் காட்டுவாசல்கள் சிலவற்றில் விவரம் தெரிந்தவர்கள் மேசை போட்டு இருப்பார்கள், கூடையைக் காட்டினால் இலவசமாகப் பார்த்துச் சொல்வார்கள்.

மீன் பிடிப்பது வேறு கதை. கடலில் தூண்டில் போடலாம், ஏரியிலும் ஆற்றிலும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் சல்மன் போன்ற, கடலிலிருந்து ஆறேறி வரும் மீன்கள் இல்லாத நீர்நிலைகளில் ஜனவரி 1 முதல் ஓகஸ்ட் 20 வரை இலவசமாகத் தூண்டில் போடலாம். அதே ஓகஸ்ட் 20 வரைக்கும், ஏப்ரல் 1இலிருந்து, நாயைக் கட்டித்தான் கொண்டுபோக வேண்டும்.

வழியில் படலை வந்தால், திறந்துபோன பிறகு மறக்காமல் சாத்துங்கள், உள்ளே செம்மறி மேயும். முதல் தடவைக்கு நிலக்கீழ் ரயிலில் கடைசித் தரிப்பான சொங்ஸ்வன் வரை போய் ஏரியைச் சுற்றி வாருங்கள். பிள்ளை வண்டி போகிற பாதை. அதற்கு அப்பால் போவதென்றால் மரங்களில் நீல அடையாளத்தைப் பின்தொடருங்கள், சிவப்பு பனிச்சறுக்குப் பாதை. கோடையில் அது சதுப்புக்குள்ளும் கொண்டுபோய் விடும்.