"சுடவே இல்லை" என்றார் அப்பா

வணக்கம் ஐயா,

மொரீஷியஸ் தீவின் ரோஸ் ஹில்லில் இருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 63 வயது. 14 வருடமாகச் சர்க்கரை. இந்த முறை தீமிதிக்கு வேண்டிக்கொண்டு, காப்புக் கட்டி, பத்து நாள் விரதம் இருந்து, எங்கள் கோவிலில் தீக்குழி இறங்கினார். பால்குழியில் கால் நனைத்துவிட்டு வெளியே வந்ததும் "சுடவே இல்லை, அம்மா கூடவே வந்தா" என்று சொல்லி அழுதார். நாங்களும் அழுதோம். நான்காம் நாள் அவர் படுத்திருந்தபோது தற்செயலாகப் பாதத்தைப் பார்த்தேன். இடது பெருவிரலுக்குக் கீழே, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம் உடைந்து ஈரமாக இருந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை, வலியும் இல்லையாம். அம்மன் அருள், பேசாமல் இரு என்கிறார் அண்ணன். எனக்குப் பயமாக இருக்கிறது. சூடு உடம்புக்கு எப்படித் தெரிகிறது? எப்படித் தெரியாமல் போகும்? நீங்கள் உயிரியல் வாத்தியாராக இருந்தவர் என்பதால் கேட்கிறேன். என் பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

இதைப் படிப்பதற்குள் அப்பாவை டாக்டரிடம் காட்டியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றால் இன்றே கூட்டிப் போங்கள். அரசு ஆஸ்பத்திரியில் காசு கேட்க மாட்டார்கள். "சர்க்கரை இருக்கிறது, காலில் புண்" என்பதை முதலில் சொல்லுங்கள், கோவில் கதையை அப்புறம் சொல்லலாம். என் பதிலையும் திரும்பி வந்தே படியுங்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். தோலுக்குள் வந்து முடியும் நரம்பு நுனிகள்தான் சூட்டை உணர்கின்றன. அந்த நுனிகளின் சவ்வில் புரதத்தால் ஆன மிகச் சிறிய கதவுகள் பதிந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் டிஆர்பிவி1. சுமார் 43 டிகிரி செல்சியஸ் வரை மூடியே இருக்கும். அதைத் தாண்டினால் திறந்துகொள்ளும். திறந்ததும் வெளியே இருக்கும் சோடியம், கால்சியம் அயனிகள் உள்ளே பாயும். நரம்பின் உட்பக்கம் சும்மா இருக்கும்போது வெளிப்பக்கத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். அயனிகள் நுழைய நுழைய அந்த வித்தியாசம் குறைந்து, ஓர் எல்லையைத் தொட்டதும் மின்துடிப்பு ஒன்று முதுகுத்தண்டை நோக்கிக் கிளம்பும். சூடு கூடினால் துடிப்பு பெரிதாகாது. விநாடிக்கு எத்தனை துடிப்பு என்பதுதான் கூடும். தசை இழுக்கப்படும்போது ஒரே ஒரு நரம்பிழையில் ஓடும் துடிப்புகளைப் பதிவு செய்து 1926-இல் இந்த விதியைக் காட்டியவர்கள் எட்கர் ஏட்ரியனும் யிங்வே சாட்டர்மனும்.

இந்தக் கதவு உங்களுக்குப் பழக்கமானதுதான். தெருமுனையில் சுடச்சுடக் கத்தோ பிமா என்னும் மிளகாய் வடையை வாங்கிக் கடிக்கும்போது, ஆறிய பிறகும் நாக்கு எரிகிறதே, அது மிளகாயில் இருக்கும் கேப்சைசின் டிஆர்பிவி1 கதவைத் திறப்பதால்தான். நெருப்பு திறந்தாலும் மிளகாய் திறந்தாலும் மூளைக்குப் போகும் சேதி ஒன்றே. நம் மொழியும் இரண்டையும் 'எரிச்சல்' என்றுதான் சொல்கிறது. டேவிட் ஜூலியஸ் குழு 1997-இல் இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்ததே கேப்சைசினை வைத்துத்தான். 2021-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தொடுதலுக்கான கதவுகளைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியனோடு அதைப் பகிர்ந்துகொண்டார்.

உணர்வு இல்லாமல் போவது பல வகை. காப்புக் கட்டிய அன்று மணிக்கட்டில் அந்த மஞ்சள் கயிறு அப்பாவுக்கு உறுத்தியிருக்கும். கொஞ்ச நேரத்தில் மறந்திருப்பார். மாறாமல் இருக்கும் அழுத்தத்தைத் தொடு உணர்விகள் பல தொடர்ந்து சொல்லிக்கொண்டே இருப்பதில்லை. அது அவற்றின் இயல்பு, நோய் அல்ல.

வேண்டுதலோடு, உடுக்கையும் பாட்டும் சூழ நடப்பவருக்கு வலி குறைவதும் உண்மை. பாதத்தில் இருந்து வரும் துடிப்புகளை மூளை முதுகுத்தண்டிலேயே அமுக்கிவிட முடியும். உடம்பே சுரக்கும் எண்டார்ஃபின் போன்ற வலி குறைக்கும் பொருட்கள் அதற்குத் துணை. அந்த நேரத்துப் பரவசத்தை நான் பொய் என்று சொல்லவே மாட்டேன். ஆனால் அப்படி அமுங்கிய வலி, ஆட்டம் அடங்கி வீட்டுக்கு வந்து காலை நீட்டிப் படுத்தால் திரும்பி வரும். உங்கள் அப்பாவுக்கு நான்கு நாளாகியும் வரவில்லை. தங்கையே, எனக்குக் கவலை தருவது அந்த நான்கு நாள்தான். இங்கே மூளை சேதியை அமுக்கவில்லை. சேதியே கிளம்பவில்லை என்றுதான் தோன்றுகிறது.

இதை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபிளிக்-ஆன்-ஃபிளாக் கடற்கரையில் ஃபிலாவோ (சவுக்கு) மரத்தடியில் பாய் விரித்து, சாப்பிட்டுவிட்டு, மாலையில் வீடு திரும்பினோம். அம்மா சவாத்தை, அதாவது ரப்பர் செருப்பை, கழற்றிவிட்டு அடுப்படிக்குப் போனார். வெள்ளைத் தரையில் அடிக்கு ஒன்றாகச் சிவப்புப் பொட்டுகள் அவர் பின்னாலேயே போயின. சவாத்தைத் தூக்கிப் பார்த்தேன். ஃபிலாவோக் காய் ஒன்று, முள்முள்ளாக, குதிகால் பக்கம் ரப்பரில் பாதி புதைந்திருந்தது. பகல் முழுவதும் அதன் மேல்தான் நடந்திருக்கிறார். "என்னடா, எதுக்கு அப்படிப் பார்க்கிற?" என்று கேட்டார். அவருக்கும் நீண்டநாள் சர்க்கரை.

பாதம் ஏன் முதலில் போகிறது? கால்விரல் வரை வரும் நரம்புக்கு உயிரணு இருப்பது கீழ்முதுகில், தண்டுவடத்துக்குப் பக்கத்தில். அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரே இழை. பராமரிப்புக்கான பொருட்களில் பெரும்பகுதி அந்தத் தூரத்தைக் கடந்துதான் நுனிக்கு வர வேண்டும். சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கூடுதலாக இருந்தால் இழையும் கெடும், அதற்கு இரத்தம் தரும் நுண்குழாய்களும் கெடும். அதனால் மிக நீளமான நரம்புகள் முதலில் வாடும், அதுவும் நுனியில் இருந்து. சூட்டையும் வலியையும் சொல்லும் மெல்லிய இழைகள் பெரும்பாலும் முன்னதாகவே போய்விடும். சிலருக்கு எரிச்சலும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் வரும், சிலருக்குச் சத்தமே இல்லாமல் மரத்துப்போகும். நம் தீவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை. தீமிதி வரிசையில் நிற்கும் எத்தனை பாதங்கள் இப்படி இருக்கும் என்று நினைத்தாலே மனம் பதைக்கிறது.

இதைச் சோதிப்பது சுலபம். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார்கள். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைப் பெருவிரல் எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். சில நிமிட வேலை. புண்ணைக் காட்டப் போகும்போதே இதையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

அண்ணனிடம் சண்டை போடாதீர்கள். அவரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். தணல் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், மேலே சாம்பலும் பூத்திருக்கும், ஓர் அடிக்கு ஒரு விநாடிகூடக் கால் தங்காது. அதனால்தான் பலர் கொப்புளம் இல்லாமல் கரையேறுகிறார்கள். நல்ல காலுக்குச் சூடு உறைத்தால் மனம் அறியும் முன்பே தண்டுவடம் காலைத் தூக்கிவிடும். உறைக்காத கால் ஒரு கணம் அதிகமாக நின்றுவிடும், விரலிடுக்கில் சிக்கிய தணல் துண்டையும் உதறாது. சுடும் என்று சொல்லும் அந்த நரம்பும் அம்மன் கொடுத்ததுதானே? அப்பா அடுத்த வருடம் பால்குடம் எடுக்கட்டும். நேர்ந்துகொண்டதை மாற்றலாமா என்று தயங்கினால் ஐயரிடமே கேட்கச் சொல்லுங்கள்.

இனி தினமும் இரவில் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து அப்பாவின் உள்ளங்காலை நீங்களே பாருங்கள். குளிக்கும் வெந்நீரை அவர் காலால் பார்க்கக் கூடாது. முழங்கையால், அல்லது நீங்கள் உங்கள் கையால் பாருங்கள். வீட்டுக்குள்ளும் சவாத்து வேண்டும், போடும் முன் அதைக் கவிழ்த்துத் தட்ட வேண்டும். நாங்கள் அம்மாவுக்கு இதைத்தான் செய்தோம்.

டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அன்புடன்.