ஓவர்க்ளாக்கிங் போட்டியை ஆன்லைன் மல்டிபிளேயர் ரேஸிங் கேம் மாதிரி என்கிறார்களே, அது எப்படி? புதிதாக இறங்குபவர் எதில் தொடங்கலாம்?

ப்ராசஸர் சிப்பையும் ராமையும் தயாரிப்பாளர் வைத்த க்ளாக்குக்கு, அதாவது வேகத்துக்கு, மேல் ஓட்டுவதுதான் ஓவர்க்ளாக்கிங். ஒப்பீடு பொருந்தும். ஆனால் எந்த வகை ரேஸ் என்பதில்தான் பலருக்குக் குழப்பம். பக்கத்துப் பக்கமாக உரசிக்கொண்டு ஓட்டும் பந்தயம் இல்லை இது, டைம் ட்ரையல். உங்கள் வண்டி, அதாவது கம்ப்யூட்டர், உங்கள் மேஜையில் இருக்கும். எதிராளி வேறு ஏதோ நாட்டில், போன வாரமே ஓட்டி முடித்து நேரத்தைப் பதிந்துவிட்டுப் போயிருப்பார். நீங்கள் அதே பென்ச்மார்க்கை (வேகத்தை அளக்கும் சோதனை நிரல்) ஓட்டி, ஸ்கோர்களைத் தரவரிசைப்படுத்தும் ஹெச்டபிள்யூபாட் தளத்தில் ஸ்க்ரீன்ஷாட்டோடு ஏற்றினால் தரவரிசை நகரும். சூப்பர்பை, சினிபென்ச், 3டிமார்க், ஒய்-க்ரன்ச்சர் எல்லாம் தனித்தனி ட்ராக். ஒன்றில் புலியாக இருப்பவர் இன்னொன்றில் திணறுவது சாதாரணம்.

கார் பந்தயத்தில் க்ளாஸ் பிரிப்பது போல இங்கேயும் உண்டு. ஒரு ஸ்கோர் இரண்டு விதமாக எடை போடப்படும். ஒன்று, அதே எண்ணிக்கை கோர் (சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி) உள்ள எல்லா ப்ராசஸர்களுக்கும் சேர்த்துப் பொதுத் தரவரிசை. மற்றது, அதே மாடல் வைத்திருப்பவர்களுக்குள் மட்டும். ஒரு மாடலில் எத்தனை பேர் மோதுகிறார்களோ அதைப் பொறுத்துப் பாயிண்ட் கூடும், குறையும். யாருமே சீண்டாத பழைய சிப்பில் முதலிடம் பிடித்தால் கோப்பைப் படம் கிடைக்கும், பாயிண்ட் பெரிதாக வராது. இன்டெலின் ஐ9-13900கே போன்ற மாடலில் முன்னால் இருப்பவர்கள் எல்லாரும் திரவ நைட்ரஜன் ஊற்றுகிறவர்கள். ஏர் கூலரோடு அங்கே போய் நின்றால் நூறாவது இடம்கூட நிச்சயமில்லை. குளிரூட்டும் முறைக்கும் அனுபவத்துக்கும் ஏற்ப லீக்குகள் பிரிந்திருப்பதால் புதியவர் தன் லீக்குக்குள் பார்த்தால் போதும். ஒரு விஷயம்: தண்ணீர்த் தொட்டியில் ஐஸ் போட்டு ஓட்டினால் அது சாதாரண வாட்டர் கூலிங் கணக்கில் வராது. அறை வெப்பநிலைக்குக் கீழே இறங்கும் எதையும் அதற்குரிய பிரிவில்தான் பதிய வேண்டும்.

செய்தியில் வருவது எப்போதும் கிகாஹெர்ட்ஸ் எண்தான். 2011-இல் ஏஎம்டி எஃப்எக்ஸ்-8150 சிப் திரவ ஹீலியத்தில் 8.429 தொட்டது. 2022 டிசம்பரில் எல்மோர் என்ற பெயரில் இயங்கும் ஓவர்க்ளாக்கர் ஐ9-13900கே-யை, அதுவும் ஹீலியத்தில், 9.008-க்குக் கொண்டுபோனார். இது ட்ராக் பந்தயம் அல்ல, நேர்கோட்டில் ஒரே ஓட்டம். சிப் அந்த வேகத்தில் ஒரு வேலையும் செய்து முடிக்கத் தேவையில்லை; சிப்பின் விவரங்களைக் காட்டும் சிபியு-இஸட் நிரல் அந்த வேகத்துக்குச் சான்றாக ஒரு வேலிடேஷன் ஃபைலைச் சேமிக்கும் அளவுக்கு உயிரோடு இருந்தால் போதும். மவுஸை நகர்த்திப் பட்டனைத் தேடும் நேரத்துக்குள் மெஷின் தொங்கிவிடும் என்பதால் சேமிக்கும் எஃப்7 கீயில் விரலை வைத்துக்கொண்டே மல்டிப்ளையரை (பேஸ் க்ளாக் என்ற அடிப்படை வேகத்தை எத்தனை மடங்காக்குவது என்ற எண்ணை) ஏற்றுவார்கள். பார்க்கப் பரபரப்பாக இருக்கும். ஆனால் கற்றுக்கொள்ள அதில் அதிகமில்லை.

கற்றுக்கொள்ளத் தோதான ட்ராக் என்று கேட்டால் சூப்பர்பை 32எம்-ஐத்தான் சொல்வேன். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கனடா ஆய்வகத்தில் பிறந்த நிரல் இது. பை மதிப்பை 3.3 கோடி இலக்கங்களுக்கு மேல் கணக்கிட்டு, எத்தனை நிமிடம் எடுத்தது என்று சொல்லும். ஒரே த்ரெட்டில், அதாவது ஒரு கோரில் மட்டும், ஓடும்; 24 லூப் (சுற்று). கோர் எண்ணிக்கையால் பயனில்லை. சிப்பின் க்ளாக், கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறிய வேக நினைவகம்), ராம், விண்டோஸை எவ்வளவு இளைக்க வைத்திருக்கிறீர்கள் என்பது, இவை நான்கும்தான் நேரத்தை முடிவு செய்யும்.

திறமையை அளக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. கிகாஹெர்ட்ஸை நொடிகளால் பெருக்குங்கள்; விடை சிறிதாக இருந்தால் ட்யூனிங் நல்லது. ஒருவர் 5.0-இல் 6 நிமிடம் 30 நொடியில் முடித்தால் 5.0 × 390 = 1950. அதே சிப் மாடலில் இன்னொருவர் 5.1-இல் 6 நிமிடம் 28 நொடி என்றால் 5.1 × 388 = 1978.8. தரவரிசையில் இரண்டாமவர் மேலே இருப்பார், ஆனால் ட்யூனிங் முதலாமவருடையதுதான் சிறந்தது. இரண்டாமவர் க்ளாக்கைத் தொடாமலே இன்னும் 5 நொடிக்கு மேல் குறைக்கலாம். மேலே இருப்பவரின் ஸ்க்ரீன்ஷாட்டைத் திறந்து இந்தப் பெருக்கலைச் செய்து பார்த்தால், நீங்கள் தோற்றது சிப்பாலா, செட்டிங்காலா என்பது தெரிந்துவிடும். புதிய சிப் வாங்க ஓடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

அந்த 5 நொடி பெரும்பாலும் ராமில் இருக்கும். டிடிஆர்4 ராமில், ஓவர்க்ளாக்கர்கள் விரும்பும் சாம்சங் பி-டை என்ற வகை நினைவகச் சிப்களை வைத்துச் சொல்கிறேன். ராமைக் குறிப்பிட்ட இடைவெளியில் ரீஃப்ரெஷ் செய்தாக வேண்டும்; அது நடக்கும்போது ராம் எதையும் படிக்கவோ எழுதவோ முடியாமல் நிற்கும். எத்தனை நேரம் நிற்கிறது என்பது டிஆர்எஃப்சி, எத்தனை நேரத்துக்கு ஒருமுறை என்பது டிஆர்இஎஃப்ஐ. 8 ஜிகாபிட் சிப்புக்குத் தரநிலைப்படி 350 நானோசெகண்ட், 7.8 மைக்ரோசெகண்டுக்கு ஒருமுறை. அதாவது நேரத்தில் சுமார் 4.5 சதவீதம் வீண். பி-டை 140 நானோசெகண்டில் தாராளமாக ஓடும். 4000 வேகத்தில் (டிடிஆர் என்பதால் உண்மையான க்ளாக் அதில் பாதி, 2000 மெகாஹெர்ட்ஸ்) அது 280 க்ளாக். டிஆர்இஎஃப்ஐ-யை 65535 க்ளாக் வரை ஏற்றினால் இடைவெளி ஏறக்குறைய 32.8 மைக்ரோசெகண்ட். இப்போது வீணாவது 0.43 சதவீதம். ஒரு பைசா செலவில்லாமல் கிடைக்கும் லாபம். ஆனால் ராம் சூடானால் சார்ஜ் சீக்கிரம் கசியும், பி-டை வெப்பத்தில் ரொம்பவே சிணுங்கும். ஆகவே ஸ்டிக்குகளுக்கு நேராக ஒரு ஃபேன் கட்டாயம்.

செய்யும் வரிசை முக்கியம். முதலில் ப்ராசஸரை நிச்சயமாக நிற்கும் க்ளாக்கில், உதாரணத்துக்கு 4.5 கிகாஹெர்ட்ஸில், பூட்டிவிடுங்கள். ஹைப்பர்த்ரெடிங் (ஒரு கோரை இரண்டாகக் காட்டுவது), சி-ஸ்டேட், ஸ்பீட்ஸ்டெப் (இரண்டும் மின்சாரம் சேமிக்கும் வசதிகள்) எல்லாம் ஆஃப். ராம் வோல்டேஜை 1.5 வோல்ட்டில் வைத்து ராமின் வேகத்தை ஏற்றிப் பாருங்கள். அந்த வேகம் பிழையில்லாமல் நின்ற பிறகு டைமிங்குகள் (ராம் ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை க்ளாக் காத்திருக்கும் என்ற எண்கள்): சிஎல், டிஆர்சிடி, டிஆர்பி, அதன்பின் டிஆர்எஃப்சி, கடைசியில்தான் டிஆர்இஎஃப்ஐ. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம், ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு 32எம் ஓட்டம். மூன்றை ஒன்றாக மாற்றிவிட்டு எது கெடுத்தது என்று தேடுவதில்தான் ராத்திரிகள் கரையும். ராம் முடிந்தபின் சிப்பின் மல்டிப்ளையரைத் தொடலாம்.

பிழை எங்கே வருகிறது என்பதே பாதி பதில். சூப்பர்பை “நாட் எக்ஸாக்ட் இன் ரவுண்ட்” (கணக்கு தப்பு) என்று முதல் சில லூப்களிலேயே நின்றால் டைமிங் ரொம்ப இறுக்கம், அல்லது வோல்டேஜ் போதவில்லை. பதினைந்து லூப் தாண்டி வந்தால் பெரும்பாலும் சூடு. வோல்டேஜை ஏற்றினால் இன்னும் மோசமாகும், ஃபேனைத் திருப்புங்கள். பிழையே காட்டாமல் மெஷின் உறைந்தாலோ நீலத் திரை வந்தாலோ ப்ராசஸர் பக்கம் பாருங்கள். ஓட்டம் முழுசாக முடிந்தும் நேரம் முந்தையதைவிட மோசமாக இருந்தால், பயாஸ் (இந்த செட்டிங்குகளை வைத்திருக்கும் போர்டின் நிரல்) ஏதோ இரண்டாம் நிலை டைமிங்கைத் தானாகத் தளர்த்தியிருக்கிறது. ஆட்டோவில் விட்ட ஒவ்வொரு எண்ணையும் எழுதி வைத்து கையால் பூட்டுவது இதற்காகத்தான்.

விண்டோஸுக்குத் தனி எஸ்எஸ்டி வைத்துக்கொள்ளுங்கள். ராம் தப்புத் தப்பாக எழுதும்போது ஃபைல்கள் சிதையும். தினசரி வேலை செய்யும் டிஸ்கில் இதைச் செய்யக் கூடாது. சுத்தமாக இன்ஸ்டால் செய்து ஒரு இமேஜ் எடுத்து வைத்தால், கெட்டதும் பத்து நிமிடத்தில் திரும்ப வரலாம். பழைய போர்டுகளில் 32எம் ஓட்டுபவர்கள் இன்றைக்கும் விண்டோஸ் எக்ஸ்பி-யை விடவில்லை. லார்ஜ் சிஸ்டம் கேஷ் என்ற விண்டோஸ் செட்டிங்கை ஆன் செய்வது, மேக்ஸ்மெம் என்ற செட்டிங்கால் விண்டோஸ் பயன்படுத்தும் ராம் அளவைச் சுருக்குவது, ஓட்டத்துக்கு முன் பெரிய ஃபைல்களைக் காப்பி செய்வது (இதற்கு ஜப்பானியர் வைத்த பெயர் காப்பி வாசா) எல்லாம் அங்கே உதவுகின்றன, விதிப்படி செல்லும்.

எது செல்லாது என்பதற்கு நல்ல உதாரணம் விண்டோஸ் 8. 2013 ஆகஸ்டில் அதில் ஓட்டிய ஸ்கோர்களை ஹெச்டபிள்யூபாட் நிறுத்தி வைத்தது. விண்டோஸுக்குள் இருந்தபடியே பேஸ் க்ளாக்கை மாற்றினால் சிஸ்டத்தின் கடிகாரமும் சேர்ந்து மாறியது. பேஸ் க்ளாக்கை 130 மெகாஹெர்ட்ஸிலிருந்து 122-க்குக் குறைத்தபோது கடிகாரம் ஐந்து நிமிடத்தில் 18 நொடி பின்தங்கியது. எஞ்சினோடு ஸ்டாப்வாட்சும் மெதுவானால் யார் வேண்டுமானாலும் சாதனை படைக்கலாம். இப்போது பல பென்ச்மார்க்குகளுக்கு பென்ச்மேட் என்ற உறை நிரல் வழியாக ஓட்டச் சொல்வது இந்தத் தலைவலியால்தான். அது டைமர்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, சந்தேகம் இருந்தால் ஸ்கோரை ஏற்காது.

கிராஃபிக்ஸ் கார்டை அளக்கும் 3டி ட்ராக்குகளில் சட்டம் வேறு மாதிரி. ஏஎம்டி கார்டுகளில் ட்ரைவர் வழியாக டெஸலேஷனை (படத்தின் பரப்புகளை நுணுக்கமாகப் பிரித்துக் காட்டும் வேலை) அணைத்து, 3டிமார்க்கின் சோதனைகளில் ஒன்றான ஃபயர் ஸ்ட்ரைக்கை ஓட்டுவதை ஹெச்டபிள்யூபாட் அனுமதித்தது, 3டிமார்க்கின் சொந்த ஹால் ஆஃப் ஃபேம் அனுமதிக்கவில்லை. ஆகவே ஒரே ஸ்கோர் ஒரு பலகையில் செல்லும், இன்னொன்றில் செல்லாது. விதிப் பக்கத்தைப் படிக்காமல் 3டி பக்கம் போகாதீர்கள்.

திரவ நைட்ரஜன் பற்றிக் கேட்காமலே இருக்க மாட்டீர்கள். −196 டிகிரி. சிப்பின் மேல் செம்பு பாட் ஒன்றைப் பூட்டி அதில் ஊற்றுவார்கள். போர்டின் இரண்டு பக்கமும் வாசலின் அல்லது கன்ஃபார்மல் கோட்டிங் (சர்க்யூட்டைக் காக்கும் மெல்லிய பூச்சு) பூச வேண்டும்; வேலை என்னவென்றால் ஈரக் காற்று பாகங்களைத் தொடாமல் தடுப்பது. ராம் ஸ்லாட், முதல் பிசிஐ ஸ்லாட்டின் இடுக்குகளை மறந்தால் அங்கேதான் தண்ணீர் கோர்க்கும். பாட்டைச் சுற்றிய பேப்பர் டவல் நனைந்ததும் மாற்ற வேண்டும். சில தலைமுறைச் சிப்கள் ஓர் அளவுக்குக் கீழே குளிர்ந்தால் அப்படியே நின்றுவிடும், அதுதான் கோல்ட் பக். வேறு சில, ஓடும்போது தாங்கும், ஆனால் ரீபூட் ஆனால் எழாது; தீ உமிழும் கேஸ் டார்ச் வைத்துப் பாட்டைச் சூடாக்கித்தான் எழுப்ப வேண்டும். அந்த எல்லை சிப்புக்குச் சிப் மாறும், தேடிக் கண்டுபிடித்து எழுதி வைப்பதுதான் முதல் வேலை. நேற்று நின்ற க்ளாக் இன்று நிற்கவில்லை, பாட் வெப்பநிலை மட்டும் சரியாகக் காட்டுகிறது என்றால் சிப்புக்கும் பாட்டுக்கும் நடுவே வெப்பம் கடத்தப் பூசிய பேஸ்ட் விரிசல் விட்டிருக்கும். கழற்றி மறுபடி பூசுவதைத் தவிர வழியில்லை.

ஆபத்து எங்கே என்றால், பலர் நினைப்பது போல விரலில் தெறிப்பதில் மட்டும் இல்லை. ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் கிட்டத்தட்ட 700 லிட்டர் வாயு. 30 கன மீட்டர் உள்ள அடைத்த அறையில் 10 லிட்டர் ஊற்றினால் ஆக்ஸிஜன் 21-லிருந்து 17 சதவீதத்துக்கும் கீழே போகும். 19.5-க்குக் கீழே என்றாலே அபாயக் கணக்கு. நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது, மூச்சு முட்டுவது போலவும் இருக்காது, நேராக மயக்கம்தான். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், இன்னொருவர் கூட இருக்க வேண்டும், ஆக்ஸிஜன் மீட்டர் இருந்தால் நல்லது. இறுக மூடிய பாத்திரத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள். துணிக் கையுறை போடாதீர்கள், அது திரவத்தை உறிஞ்சித் தோலோடு ஒட்ட வைக்கும். உதறினால் கழலும் தளர்வான க்ரையோ கையுறைதான் சரி.

மல்டிபிளேயர் என்ற வார்த்தைக்கு உண்மையான அர்த்தம் போட்டிகளில்தான் தெரியும். நாடுகள் அணியாக மோதும் கன்ட்ரி கப் போன்றவற்றில் பல ஸ்டேஜ்கள் இருக்கும், ஒவ்வொன்றும் வேறு பென்ச்மார்க், வேறு ஹார்ட்வேர். யாரிடம் எந்தச் சிப் இருக்கிறது, எதை யார் ஓட்டுவது என்று அணிக்குள் பங்கு போடுவதே பாதி ஆட்டம். க்ளாக்குக்கு உச்சவரம்பு வைக்கும் ஸ்டேஜ்களும் உண்டு: எல்லாரும் 5 கிகாஹெர்ட்ஸ்தான், மேலே போகக் கூடாது. நைட்ரஜன்காரரும் ஏர் கூலர்காரரும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் நிற்பது அங்கே மட்டும்தான், மேலே சொன்ன ராம் வேலை முழுசாகப் பலன் தருவதும் அங்கேதான். புதியவர் முதலில் சேர வேண்டியது இந்த மாதிரி ஸ்டேஜில் என்பது என் அபிப்ராயம்.

அங்கே சாண்ட்பேகிங் என்ற தந்திரத்தையும் பார்ப்பீர்கள். நல்ல ஸ்கோரை மறைத்து வைத்துக்கொண்டு சுமாரானதை ஏற்றி, கெடு முடியும் கடைசி நிமிடங்களில் உண்மையானதை இறக்குவது. விதிமீறல் இல்லை. நீங்களும் செய்யலாம், ஆனால் மறைத்து வைக்கும் ஸ்கோரின் ஸ்க்ரீன்ஷாட்டை எடுத்த அன்றைக்கே சரிபாருங்கள்: பென்ச்மார்க் விண்டோ முழுசாகத் தெரிகிறதா, சூப்பர்பை என்றால் செக்சம் (முடிவு திருத்தப்படவில்லை என்று காட்டும் குறியீடு) தெரிகிறதா, சிபியு-இஸட்டின் சிபியு டேப், மெமரி டேப் இரண்டும் திறந்திருக்கிறதா, போட்டிக்கென்று கொடுத்த வால்பேப்பர் பின்னால் இருக்கிறதா. கெடுவுக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது மெமரி டேப் விடுபட்டது தெரிந்தால், அந்த க்ளாக்கில் மறுபடி ஒரு 32எம் ஓட்ட நேரம் இருக்காது.