காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு விதிநூலின் மின்பதிப்பு ஏன் இன்னொரு கருவியில் திறப்பதில்லை?

காரணம் நகல் பூட்டு. கோப்பைப் பூட்டி, உங்கள் கணக்கில் பதிந்த கருவிக்கு மட்டும் திறப்பைக் கொடுப்பார்கள். திருட்டு நகலைத் தடுக்கத்தான் இது. ஆனால் யாராவது ஒருவர் பூட்டை உடைத்தால் போதும், பூட்டில்லாத நகல் எங்கும் பரவிவிடும். மாட்டிக்கொள்வது காசு கொடுத்தவர்தான். கல்லடியில் தயிர்ச்சட்டி வாங்கியபின், கடைக்காரரின் கரண்டியால்தான் சாப்பிடலாம் என்றால் எப்படி இருக்கும்? மேசையைச் சுற்றி நாலைந்து பேர் வேடமேற்று ஆடும் விளையாட்டில் எரிச்சல் இன்னும் கூடும்: ஆளுக்கொரு பக்கம் புரட்ட வேண்டும், ஓர் அட்டவணையையாவது அச்செடுக்க வேண்டும். திறப்புத் தரும் சேவை மூடினால் நூலும் போச்சு. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது அப்படித்தான் நடந்தது. பணம் திரும்பக் கிடைத்தது வேறு கதை.

அப்புறம், பூட்டில்லாத பிடிஎஃப் என்றால் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்று நினைக்க வேண்டாம். பூட்டு இல்லாவிட்டாலும் பதிப்புரிமை அப்படியே இருக்கிறது.