ஒரு ஏக்கர் காய்கறியில் லாபம் உண்டா?

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்குக் கிணற்றுப் பாசனத்தில் ஒரு ஏக்கர் இருக்கிறது. முந்தின வருடம் கால் ஏக்கரில் போட்ட தக்காளி நல்ல விலைக்குப் போனது. அதை நம்பிப் போன வருடம் முழு ஏக்கரிலும் தக்காளியே நட்டேன். காய்ப்புக்குக் குறைவில்லை. ஆனால் விலை இறங்கி, பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் கடைசி மூன்று பறிப்பைச் செடியிலேயே விட்டுவிட்டேன். அப்பா, அம்மா, நான் மூன்று பேரும்தான் வேலை பார்க்கிறோம். காய்கறியை விட்டுவிட்டுப் பழமரம் வைத்துவிடலாமா? சின்ன விவசாயிக்கு இதில் லாபம் உண்டா, இல்லையா?

பதில்: தம்பி, பழுத்த காயைப் பறிக்காமல் விட்டுவிட்டு வீடு திரும்புவது எவ்வளவு வேதனை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நீங்கள் எடுத்த முடிவு சரியானதுதான். முதலில் இதைச் சொல்லக் காரணம், பலர் அந்த இடத்தில்தான் இரண்டாவது நஷ்டத்தையும் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். பறிப்பு நாளன்று உழவு, நாற்று, உரம் எல்லாம் ஏற்கெனவே போன பணம். அன்றைக்குப் பார்க்க வேண்டியது பறிகூலி, பெட்டி, வண்டி வாடகை, தரகு இவ்வளவுதான். ஒரு பேச்சுக்கு, முதல் மூன்றும் சேர்ந்து பெட்டிக்கு 60 ஆகிறது, தரகு நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்வோம். பெட்டி 67க்காவது போனால்தான் கைப்பணம் கரையாது. உங்கள் செலவுக்கு இந்த எண் என்ன என்று பருவம் தொடங்கும் முன்பே கணக்குப் போட்டு, கொட்டகைச் சுவரில் எழுதி வையுங்கள். காய் கண்ணெதிரே தொங்கும்போது மனசு கணக்குக் கேட்காது. அப்புறம் ஒன்று, கைவிட்ட செடியை அப்படியே நிற்க விடாதீர்கள். காய்ப்புழுவும் வெள்ளை ஈயும் அதில் பெருகி அடுத்த வெள்ளாமைக்கு வந்து சேரும். பிடுங்கி அப்புறப்படுத்துங்கள்.

இனி விலைக்கு வருவோம். நல்ல விலையைப் பார்த்து நீங்கள் மட்டும் நடவில்லை. பார்த்த எல்லோரும் நட்டார்கள். எல்லோருடைய காயும் ஒரே வாரத்தில் சந்தைக்கு வந்தது. விலை விழுந்ததும் எல்லோரும் விட்டுவிடுவார்கள், மறுபடி விலை ஏறும். 1934இல் பொருளியல் அறிஞர் நிக்கோலஸ் கால்டர் இந்த ஏற்ற இறக்கத்துக்குச் சிலந்திவலை என்று பெயர் கொடுத்தார். விதைக்கிற நாளுக்கும் விற்கிற நாளுக்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி இருக்கும்வரை இது நடந்துகொண்டேதான் இருக்கும். போன பருவத்து விலையை வைத்து இந்தப் பருவத்துப் பயிரைத் தேர்ந்தெடுத்தால் அந்த வலையில் போய் விழுகிறோம்.

உங்கள் நிலத்தில் நஷ்டம் வந்தது தக்காளியால் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு ஏக்கர் காயும் ஒரே தேதிக்கு வந்ததால் வந்தது. முந்தின வருடம் கால் ஏக்கர்தான் போட்டீர்கள், தாங்க முடிந்தது. ஆகவே நிலத்தைத் துண்டு போடுங்கள், கூடவே காலத்தையும் துண்டு போடுங்கள். தக்காளிக்குக் கால் ஏக்கர் போதும். அதையும் ஒரே நாளில் நடாமல் இருபது நாள் இடைவெளி விட்டு இரண்டு தவணையாக நடுங்கள். இன்னொரு பக்கம் வெண்டை, விதைத்த 45 நாளில் முதல் பறிப்பு. ஓரமாகக் கீரை, அது 25, 30 நாளில் கைக்கு வரும். கத்தரி மெதுவாகத் தொடங்கி மாதக்கணக்கில் காய்க்கும். ஒன்று விழும்போது இன்னொன்று தாங்கும் என்பது ஒரு பக்கம், வாரம் தவறாமல் கையில் காசு புழங்கும் என்பது இன்னொரு பக்கம். சின்ன விவசாயி கடனுக்குப் போவது பெரும்பாலும் அந்த நடுவிலுள்ள வறண்ட வாரங்களில்தான். தக்காளி நின்ற இடத்தில் உடனே கத்தரியோ மிளகாயோ வைக்க வேண்டாம், மூன்றும் ஒரே குடும்பம். வாடல் நோய் மண்ணிலேயே காத்திருக்கும்.

ஆனால் பல பயிர் வைத்தால் வேலை கூடும், மறைக்காமல் சொல்கிறேன். வெண்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். பூ விரிந்த நாலாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் காயைப் பறித்துவிட வேண்டும். நுனியைக் கட்டை விரலால் மடக்கினால் பட்டென்று ஒடிய வேண்டும். வளைந்து நார் தெரிந்தால் சந்தையில் அதற்கு மரியாதை இல்லை. ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல் என்று இரண்டு நாள் தள்ளிப் போனால் அந்தப் பறிப்பே முற்றிவிடும். முற்றிய காய் செடியில் நின்றால் அடுத்த காய்களும் குறையும். ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலையில் இரண்டு பேர் குனிந்து நிற்க வேண்டும், இலைச்சுணை கையை அரிக்கும். அம்மாவால் முடியுமா என்று அவரிடம் கேட்டுவிட்டுப் பரப்பை முடிவு செய்யுங்கள். கணக்குநோட்டில் மூன்று பேர் உழைப்புக்கும் கூலி போடுங்கள். அதைப் போடாமல் "மிச்சம்" என்று எழுதுவது பெரும்பாலும் அப்பா அம்மாவின் கூலிதான்.

தண்ணீரை அளந்திருக்கிறீர்களா? கேள்வியில் அது இல்லை. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்றால் ஏறத்தாழ 4,000 லிட்டர். கடும் வெயிலில் நன்றாக வளர்ந்த காய்கறிக்கு நாளைக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் தேவைப்படும். அதாவது 20,000 லிட்டருக்கு மேல். 200 லிட்டர் டிரம்மை மோட்டார் எத்தனை விநாடியில் நிரப்புகிறது என்று பாருங்கள், நாளைக்கு எத்தனை மணி நேரம் கிணறு தாங்குகிறது என்று பாருங்கள், மணிக்கு எத்தனை லிட்டர் என்று கணக்கிட்டு அந்த நேரத்தால் பெருக்கினால் விடை வந்துவிடும். பற்றாது என்றால் வெயில் காலத்தில் அரை ஏக்கர் மட்டும் வையுங்கள். தண்ணீர் விட்டுவிட்டுக் கிடைத்தால் தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகும். நோய் என்று நினைத்து மருந்தடித்துக்கொண்டிருப்போம். வேர் சீராக நீர் குடிக்காததால் காய் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததுதான் காரணம்.

பறித்த பின் போகிற காசு தனி. பறித்த காயும் மூச்சு விடுகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்த வேகம் இரண்டு மூன்று மடங்காகும், அந்த அளவுக்குச் சீக்கிரம் வாடும். வெயில் ஏறும் முன் பறித்து நிழலில் ஆற விடுங்கள். தக்காளியை ஆழமான பெட்டியில் குவித்தால் அடியில் உள்ளவை நசுங்கும், அந்தச் சாறு பட்ட பழமெல்லாம் சந்தை போய்ச் சேர்வதற்குள் அழுகத் தொடங்கும். எண்ணிக்கை கூடினாலும் ஆழம் குறைந்த பெட்டியே நல்லது. தூரச் சந்தை என்றால் அடியில் இளஞ்சிவப்பு தட்டியதுமே பறிக்கலாம், வழியில் பழுத்துக்கொள்ளும். வெண்டைக்கும் கத்தரிக்கும் அந்தச் சலுகை கிடையாது.

சரி, பழமரம். முழு ஏக்கரையும் மாற்றுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கொய்யா ஒட்டுக்கன்று வைத்தாலும் விற்கிற அளவுக்குக் காய்க்க மூன்றாம் வருடம் ஆகும், மாமரம் இன்னும் தாமதம். அதுவரை வீட்டுச் செலவுக்கு என்ன வழி? பப்பாளி ஒன்பது பத்து மாதத்தில் பழம் தரும், ஆனால் அசுவினிப் பூச்சி பரப்பும் வளையப்புள்ளி வைரஸ் வந்தால் மருந்தே கிடையாது, மரத்தை வெட்டித்தான் எரிக்க வேண்டும். அதை நம்பி முழு நிலத்தையும் கொடுக்க எனக்குத் துணிவில்லை. கால் ஏக்கரில் கொய்யா வையுங்கள், ஆறு மீட்டர் இடைவெளியில் ஏறத்தாழ 28 கன்று பிடிக்கும். முதல் இரண்டு வருடம் நடுவில் கீரையும் வெண்டையும் போடலாம். மரம் வளர்ந்த பின்னும் எல்லோருடைய பழமும் ஒன்றாகத்தான் வரும். கொய்யாவில் கிளைநுனியை வெட்டிப் பூக்கும் காலத்தைத் தள்ளிப்போடலாம், நான் கொய்யா சொல்வதற்கு முக்கியக் காரணம் அதுதான்.

லாபம் உண்டா என்று கேட்டீர்கள். மூன்று பேர் கூலி போக மிஞ்சுமா என்பது உங்கள் கிணற்றையும் சந்தை தூரத்தையும் பார்க்காமல் நான் சொன்னால் பொய்யாகிவிடும். நாற்று விடுவதற்கு முன் டிரம் கணக்கையும், போன பருவத்தில் பறித்த தேதி, பெட்டி எண்ணிக்கை, விற்ற விலை மூன்றையும் எழுதி அனுப்புங்கள். எந்தத் துண்டில் எதை எந்த வாரம் நடலாம் என்று சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.