தொழில் மேலாளர்கள் முடிவெடுக்க உண்மையில் உதவும் முறைகளும் கருவிகளும் எவை?

ஸ்வாட் (பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் ஆகியவற்றின் பட்டியல்), முடிவு மரம், மதிப்பெண் அட்டவணை என்று பயிற்சி வகுப்பில் பலவற்றைக் கற்றும், எதை எப்போது கையில் எடுப்பது என்பது மட்டும் பிடிபடவில்லை என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். பல ஆண்டுகளாகக் கொள்முதல் பிரிவை நிர்வகித்து வருபவள் என்ற முறையில் என் பதில் இது: எந்தக் கருவியும் நமக்காக முடிவெடுப்பதில்லை. ஒவ்வொருவர் மனத்திலும் சொல்லப்படாமல் கிடக்கும் அனுமானங்களை எல்லோரும் பார்க்கும்படி மேசைமேல் கொண்டுவருவதே அதன் வேலை. அதைச் செய்யாத கருவி, ஏற்கெனவே எடுத்து முடித்த முடிவுக்கு அலங்காரமாகத்தான் பயன்படும்.

ஆகவே கருவியைத் தேடுமுன் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். முதலாவது, இந்த முடிவு தவறாகப் போனால் திரும்பி வர முடியுமா என்பது. அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் 2015ஆம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில் இந்த வேறுபாட்டைத் தெளிவாக எழுதினார்: திரும்ப முடியாத முடிவுகளை நிதானமாக, பலரையும் கலந்து எடுக்க வேண்டும், திரும்ப முடிந்தவற்றை ஓரிருவரே விரைவாக எடுத்துவிடலாம். அன்றாட முடிவுகளில் பெரும்பாலானவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு, 1978இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன் விளக்கிய வழியே போதும்: குறைந்தபட்சத் தேவைகளை முதலில் எழுதிவைத்துக்கொண்டு, அவற்றை நிறைவு செய்யும் முதல் வாய்ப்பை ஏற்றுக்கொண்டு நகர்ந்துவிடுவது. மனிதருக்கு உள்ள நேரமும் தகவலும் கணிக்கும் ஆற்றலும் வரம்புக்கு உட்பட்டவை என்பதால், மிகச் சிறந்ததைத் தேடிக்கொண்டே இருப்பது பல நேரங்களில் அறிவான செயலாக இருப்பதில்லை.

இரண்டாவது கேள்வி, முடிவு யாருடையது என்பது. நிர்வாகவியல் ஆய்வாளர்கள் விக்டர் வ்ரூமும் பிலிப் யெட்டனும் 1973இல் வெளியிட்ட மாதிரி, மேலாளர் தனியாக முடிவெடுப்பதில் தொடங்கி, குழு ஒருமித்து முடிவெடுப்பது வரை ஐந்து நிலைகளைக் காட்டுகிறது. அந்த மாதிரியை முழுமையாகப் பின்பற்றாவிட்டாலும், 'உங்கள் கருத்தைக் கேட்கிறேன், முடிவு என்னுடையது' என்பதையோ, 'நாம் சேர்ந்து முடிவெடுக்கிறோம்' என்பதையோ கூட்டத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் கருத்துக் கேட்டுவிட்டுப் பிறகு வேறு முடிவை அறிவித்தால், அடுத்த கூட்டத்தில் யாரும் மனம் திறந்து பேச மாட்டார்கள்.

இனி கருவிகளுக்கு வருகிறேன். நான் மிக அதிகமாகப் பயன்படுத்துவது மதிப்பெண் அட்டவணை. இதன் வேர் பழையது. 1772இல் வேதியியலாளர் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு ஒரு முக்கியமான முடிவில் குழப்பம் வந்தபோது, பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தாளின் நடுவே கோடு போட்டு, சாதகங்களையும் பாதகங்களையும் மூன்று நான்கு நாட்களில் தோன்றத் தோன்ற எழுதி, சம எடை உள்ளவற்றை இருபுறமும் அடித்துக்கொண்டே வந்தால் எஞ்சுவது வழிகாட்டும் என்று அதில் விளக்கினார். இன்று எக்செல் தாளில் நாம் செய்வதும் ஏறக்குறைய அதுவே.

ஓர் எடுத்துக்காட்டு. இரண்டு சப்ளையர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விலைக்கு 40, தரத்துக்கு 35, குறித்த நேரத்தில் சரக்கை ஒப்படைப்பதற்கு 25 என்று எடை தருகிறோம். முதலாமவர் பத்துக்கு முறையே 9, 6, 7 பெறுகிறார். இரண்டாமவர் 6, 8, 8 பெறுகிறார். பெருக்கிக் கூட்டினால் முதலாமவருக்கு 745, இரண்டாமவருக்கு 720. இந்த இடத்தில் தாளை மூடிவிடுபவர்கள்தான் அதிகம். விலையின் எடையை 30 ஆகக் குறைத்துத் தரத்தின் எடையை 45 ஆக உயர்த்திப் பாருங்கள்: 715க்கு 740 என்று முடிவு தலைகீழாகிறது. அப்படியானால் நாம் விவாதிக்க வேண்டியது எந்தச் சப்ளையர் என்பதைப் பற்றியல்ல. தரத்தைவிட விலை முக்கியம் என்று இந்த நிறுவனம் உண்மையாகவே நம்புகிறதா என்பதைப் பற்றி. கணக்குப் பிரிவும் உற்பத்திப் பிரிவும் தனித்தனியே எடைகளை நிரப்பித் தரட்டும். இரு தாள்களையும் அருகருகே வைத்தால் சண்டையின் உண்மையான காரணம் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். எடைகளை முதலில் முடிவு செய்து, மதிப்பெண்களைப் பிறகு இட வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. இந்த வரிசை மாறினால், மனத்துக்குப் பிடித்தவர் வெல்லும்வரை எடைகளைத் திருத்திக்கொண்டே இருப்போம்.

ஒரு முடிவைத் தொடர்ந்து வேறு முடிவுகளும் வாய்ப்பின் பாற்பட்ட நிகழ்வுகளும் வரும்போது, அவற்றைக் கிளைகளாக வரைந்து காட்டும் முடிவு மரம் பொருத்தமானது. 50 அலகு லாபம் கிடைக்க 60 சதவீத வாய்ப்பும், 40 அலகு நட்டம் வர 40 சதவீத வாய்ப்பும் இருந்தால், எதிர்பார்ப்பு மதிப்பு, அதாவது ஒவ்வொரு விளைவையும் அதன் வாய்ப்பால் பெருக்கிக் கூட்டிய சராசரி, 14 அலகு லாபம். ஆனால் அந்த 40 அலகு நட்டம் நிறுவனத்தையே மூடவைக்கும் என்றால், இந்தச் சராசரி நம்மைக் காப்பாற்றாது; சராசரியோடு மிக மோசமான கிளையையும் தனியாகப் பார்க்க வேண்டும். ஸ்வாட் சூழ்நிலையைப் பட்டியலிட உதவும், அவ்வளவுதான். எதைத் தேர்ந்தெடுப்பது என்று அது சொல்லாது.

குழுவாக முடிவெடுப்பதைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரிய தவறுகள் நிகழுமிடம் அதுதான். 1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்கலத்தை மறுநாள் ஏவலாமா என்று தொலைபேசிவழிக் கூட்டம் நடந்தது. உந்துவிசை ராக்கெட்டுகளைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள், கடுங்குளிரில், ராக்கெட் பகுதிகள் சேருமிடத்தை அடைக்கும் ரப்பர் வளையங்கள் சரியாக இயங்காது என்று எச்சரித்தார்கள். நாசா தரப்பு அதை ஏற்கத் தயங்கியதும், அந்த நிறுவனத்தின் மேலதிகாரிகள் தனியாகக் கூடினார்கள். பொறியியல் துணைத் தலைவரிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியை அணியும்படி சொல்லப்பட்டது, பரிந்துரை மாறியது. மறுநாள் ஏவிய 73ஆவது வினாடியில் கலம் சிதறி, ஏழு பேர் உயிரிழந்தனர்.

தரவைப் பயன்படுத்துவது குறித்தும் இதில் பாடம் இருக்கிறது. அன்று பேச்சு அந்த வளையங்களில் பழுது ஏற்பட்ட முந்தைய பயணங்களைச் சுற்றியே நடந்ததால், வெப்பநிலைக்கும் பழுதுக்கும் உள்ள தொடர்பு தெளிவாகத் தெரியவில்லை. பழுதில்லாத பயணங்களையும் சேர்த்துப் பார்த்த விசாரணை ஆணையம், ஏவும்போது வெப்பநிலை 66 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் இருந்த 20 பயணங்களில் மூன்றில் மட்டுமே பழுது ஏற்பட்டதையும், 63 டிகிரியும் அதற்குக் கீழும் இருந்த நான்கு பயணங்களிலும் பழுது ஏற்பட்டதையும் எடுத்துக்காட்டியது. தோல்விகளை மட்டும் அலசும் அறிக்கை உங்கள் மேசைக்கு வந்தால், வெற்றிகளின் தரவையும் கேட்டு வாங்குங்கள்.

அந்தக் கூட்டத்தில் கண்டது போன்ற அழுத்தத்தைக் குறைக்க, 1950களில் ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தில் உருவான டெல்ஃபி முறை வல்லுநர்களின் கருத்தைப் பெயர் தெரியாமல் பல சுற்றுகளாகப் பெறுகிறது. சிறிய குழுவுக்கு அவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. பேச்சைத் தொடங்குமுன் ஒவ்வொருவரும் தம் மதிப்பீட்டைத் தாளில் எழுதட்டும். பதவியில் மூத்தவர் கடைசியாகப் பேசட்டும். இதோடு, உளவியலாளர் கேரி க்ளைன் 2007இல் விவரித்த ப்ரீ-மார்ட்டம் முறையையும் சேர்த்துக்கொள்ளலாம். 'திட்டம் படுதோல்வி அடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம், ஏன் தோற்றது?' என்று கேட்டு, சில நிமிடங்கள் எல்லோரையும் காரணங்களை எழுதவைப்பதே அது. திட்டத்தை எதிர்க்கிறார் என்ற பெயர் வராமல் ஐயத்தைச் சொல்ல வழி கிடைப்பதால், வழக்கமாக அமைதியாக இருப்பவர்களிடமிருந்தே பயனுள்ள எச்சரிக்கைகள் வருவதைக் கண்டிருக்கிறேன்.

கடைசியாக, திரும்ப முடியாத ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதிவைக்கச் சொல்வேன். அன்று கையில் இருந்த தகவல், கைவிட்ட மாற்று வழிகள், எதிர்பார்க்கும் விளைவு, அதன் மீதான நம்பிக்கை எத்தனை சதவீதம், மறுபரிசீலனை செய்யும் தேதி ஆகியவை அதில் இருந்தால் போதும். நல்ல முடிவுக்கும் கெட்ட விளைவு வரலாம், மோசமான முடிவும் அதிர்ஷ்டத்தால் தப்பலாம் என்பதால், விளைவு தெரிந்த பிறகு நினைவை நம்பி மதிப்பிடுவது பயன் தராது. குறித்த தேதியில் அந்தப் பக்கத்தை எடுத்து, எந்த அனுமானம் பொய்த்தது என்று குழுவோடு படித்து, அடுத்த அட்டவணையின் எடைகளை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.