பையனுக்கு ஓசிடி ஸ்கேன் எடுத்தா எந்த வகை நிறக்குருடுன்னு தெரிஞ்சிடுமா?

பையனுக்கு ஆறு வயசு, வெயில்ல கண்ணையே தொறக்க மாட்டேங்கிறான், கைக்குழந்தையா இருந்தப்பவே கண்ணுமுழி ஆடிட்டே இருந்துச்சு, கலர் சொல்லத் தெரியல, ஒரு டாக்டர் கலர் பிளைண்ட்னு சொல்லி அனுப்பிட்டார், இன்னொருத்தர் விழித்திரையைப் படம் பிடிக்கிற ஓசிடி ஸ்கேன் எடுக்கச் சொல்றார், அதுல என்ன தெரியும்னு ஒரு அம்மா கேட்டிருக்காங்க. வீட்டுக்காரர் சொந்தத் தாய்மாமன்னும் எழுதியிருக்காங்க, அதைச் சொன்னது ரொம்ப நல்லதாப் போச்சு.

ஸ்கேன் எடுங்கம்மா, கட்டாயம் எடுங்க. ஏன்னா சாதாரண சிவப்பு-பச்சை நிறக்குருடுல வெயில் கூசாது, கண்ணு ஆடாது, போர்டும் நல்லாவே தெரியும், அவங்களுக்கு ஓசிடி எடுத்தா நார்மலாத்தான் வரும். உங்க பையன் கதை வேற. பகல் வெளிச்சத்துக்கும் கலருக்கும் வேலை செய்யற கூம்பு செல்லுங்களே கிட்டத்தட்ட மொத்தமா வேலை செய்யலையோன்னுதான் எனக்குச் சந்தேகம், அதுக்குப் பேரு அக்ரோமடாப்சியா, சுமார் 30,000 பேர்ல ஒருத்தருக்கு வரும்.

ஓசிடில ஊசி கிடையாது, எக்ஸ்ரே மாதிரி கதிர்வீச்சும் கிடையாது, விழித்திரையைக் கேக் வெட்டின மாதிரி அடுக்கு அடுக்கா காட்டும். நார்மல் கண்ணுல நடு மையத்துல கூம்பு செல் இருக்கிற இடத்துல ஒரு வெள்ளைக் கோடு அறுபடாம ஓடும். அக்ரோமடாப்சியால அந்தக் கோடு மையத்துல மங்கியிருக்கும், இல்ல அறுந்திருக்கும், சிலருக்குக் கறுப்பா ஒரு காலி இடமே தெரியும், நடுவுல இருக்க வேண்டிய பள்ளமும் பல பேருக்குச் சரியா உருவாகியிருக்காது. ஆனா சில பிள்ளைங்களுக்குக் கோடு முழுசாவே இருக்கும், அதனால ஸ்கேன் நல்லா இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டா அதோட விட்டுடாதீங்க. கண்ணு ஆடறதால படம் அசையும், நாலஞ்சு தடவை எடுக்க வேண்டி வரும், பொறுமையா எடுக்கச் சொல்லுங்க.

சிக்கல் எங்கன்னா, நீலக் கூம்பு மட்டும் வேலை செய்யற இன்னொரு வகை இருக்கு, அதுலயும் இதே கூச்சம், இதே ஆட்டம், ஸ்கேன்லயும் மையத்துல கோடு கெட்டுத்தான் இருக்கும். படத்தை மட்டும் வச்சு ரெண்டையும் பிரிக்கிறது கஷ்டம். அங்கதான் ஈஆர்ஜி வேணும், வெளிச்சம் அடிச்சு விழித்திரையோட மின்சார பதிலை அளக்கிறது. ரெண்டுலயும் மங்கின வெளிச்சத்துல வேலை செய்யற குச்சி செல்லோட பதில் ஏறக்குறைய சரியா வரும், கூம்பு பதில் படுத்துடும், ஆனா நீலக் கூம்புக்குன்னு தனியா அளந்தா ரெண்டாவது வகைல பதில் இருக்கும். அந்த நீலக் கூம்பு வகை எக்ஸ் குரோமோசோம் வழியா அம்மாகிட்டேந்து பையனுக்கு வர்றது, அதனால உங்க கூடப்பிறந்த அண்ணன் தம்பிக்கோ உங்க அம்மாவோட அப்பாவுக்கோ இப்படி இருந்துச்சான்னு கேளுங்க. அக்ரோமடாப்சியாவுக்கு அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டயும் அதே கெட்ட ஜீன் இருக்கணும், சொந்தத்துல கட்டினா அதுக்கு வாய்ப்பு கூடுது, அதான் தாய்மாமன்னு நீங்க எழுதினது முக்கியம். அப்படி இருந்தா ஒவ்வொரு பிரசவத்துலயும் 25 சதவீதம் வாய்ப்பு, ரெண்டாவது குழந்தை யோசனை இருந்தா முன்னாடியே ஜெனடிக் டெஸ்ட் பண்ணிடுங்க. சிஎன்ஜிஏ3, சிஎன்ஜிபி3ன்ற ரெண்டு ஜீன்லதான் பெரும்பாலும் கோளாறு இருக்கும்.

ஒவ்வொரு கூம்பு செல்லையும் தனித்தனியா படம் பிடிக்கிற டெக்னிக்கும் உண்டு, அடாப்டிவ் ஆப்டிக்ஸ்னு பேரு, நட்சத்திரம் பாக்கிற டெலஸ்கோப்லேந்து வந்தது. 1999லயே உயிரோட இருக்கிற மனுஷன் கண்ணுல மூணு வகைக் கூம்பையும் பிரிச்சுக் காட்டிட்டாங்க, எனக்கு இன்னிக்கும் அது பிரமிப்புதான். ஆனா அது பெரும்பாலும் ஆராய்ச்சிக்குத்தான், அதைத் தேடி அலைய வேண்டாம்.

பழைய ஓசிடி படத்தைப் பத்திரமா வைங்க, வருஷா வருஷம் ஒப்பிட்டுப் பாக்கணும், ஏன்னா வேகமா மோசமாகிட்டே போனா கூம்பு செல்லுங்க கொஞ்சம் கொஞ்சமா கெட்டுப்போற கோன் டிஸ்ட்ரோபின்னு வேற வியாதியா இருக்கலாம். ஜீன் தெரபி இன்னும் ட்ரயல்லதான் இருக்கு, மாத்திரையில குணமாக்கறேன்னு யாராவது காசு கேட்டா குடுக்காதீங்க. இப்பவே சிவப்பு டின்ட் கண்ணாடி போட்டுப் பாருங்க, தொப்பி வாங்கிக் குடுங்க, கிளாஸ்ல ஜன்னல் பக்கம் முகம் வராத மாதிரி முன் பெஞ்சுல உக்கார வைக்கச் சொல்லி டீச்சர்கிட்ட பேசுங்க, அவன் சோம்பேறி இல்ல, அவனுக்கு நிஜமாவே கூசுது.